விண்ணில் ஒலிக்கும் பெயர்கள்

ஒரு தோட்டத்தில் மூன்று பெருமாள்கள் இருந்தால் என்ன செய்வோம்? காலைப் பெரட்டில் கிராணி "பெருமாள்!" என்று கூப்பிட்டால் மூன்று பேரும் குரல் கொடுப்பார்கள். ஆகவே ஒருவர் மேட்டு லயத்துப் பெருமாள் ஆனார். மற்றொருவர் நெட்டைப் பெருமாள் ஆனார். இன்னொருவர் ஸ்டோர் பெருமாள் ஆனார். இந்தப் பெயர்களை அவர்களுடைய தாய் தந்தையர் வைக்கவில்லை. தேவை கருதித் தோட்டமே வைத்தது. ஒரு பெயரைச் சொன்னால் ஒரே ஒருவர்தான் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதே அந்தத் தேவை.

இதே தேவை ஒரு காலத்தில் வானத்திலும் எழுந்தது. வானூர்திகளுக்கு நம்மவர்கள் வைத்தது போலவே ஒரு தனிப்பெயரை உலகம் வைக்க வேண்டியதாயிற்று. அதை அழைப்புப் பெயர் என்று சொல்லலாம். இன்று கணினியின் முன் அமர்ந்து விமானம் ஓட்டிப் பழகும் நம் பிள்ளைகள் சிலர், தங்களுக்கும் ஓர் அழைப்புப் பெயரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அது வெறும் விளையாட்டுப் பெயர்தானே என்று நினைத்துவிடலாகாது. அந்தப் பெயருக்குப் பின்னால் நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றில் உயிர்கள் காக்கப்பட்டதும் உண்டு; உயிர்கள் போனதும் உண்டு.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். விமானியும் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவரும் தொலைபேசியில் பேசுவது போல இருவர் மட்டும் தனித்துப் பேசுவதில்லை. ஒரே வானொலி அலைவரிசையில் பத்துப் பதினைந்து விமானங்கள் காத்திருக்கும். கோபுரத்தில் இருப்பவர் ஒருவருக்குச் சொல்வதை மற்ற எல்லாரும் கேட்கிறார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசினால் இரண்டு பேச்சும் கெட்டுப்போகும். "கீழே இறங்கு" என்று கோபுரம் சொன்னால், யார் இறங்குவது? பெயரைச் சொல்லி அழைத்தால்தான் உரியவர் கேட்பார். மற்றவர்கள் தங்கள் வழியில் செல்வார்கள். பெயர் மாறினால் இறங்கக்கூடாதவர் இறங்கிவிடுவார்.

இப்பெயர்களின் கதை கடலில்தான் தொடங்கியது. கம்பியில்லாத் தந்தி வந்த புதிதில் கப்பல்களுக்குச் சில எழுத்துகளே பெயராயின. 1912 ஏப்ரலில் பனிப்பாறையில் மோதி மூழ்கிய டைட்டானிக் கப்பலின் தந்திப் பெயர் 'எம் ஜி ஒய்' என்பதாகும். அந்த எழுத்துகளைக் கேட்டுத்தான் மற்றக் கப்பல்கள் ஆபத்தில் இருப்பது யார் என்று அறிந்தன. அதே ஆண்டில் லண்டனில் அனைத்துலக வானொலித் தந்தி மாநாடு கூடியது. எந்த நாட்டுக்கு எந்த எழுத்து என்று பங்கிட்டுக் கொள்ளும் முறை அக்காலத்தில் உருவாயிற்று.

முதல் உலகப் போர் முடிந்தபின், 1919ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் வானப் போக்குவரத்து ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஒவ்வொரு விமானத்தின் உடலிலும் நாட்டைக் குறிக்கும் அடையாளமும், அந்த விமானத்துக்கே உரிய எழுத்துகளும் எழுதப்பட வேண்டும் என்பது விதியாயிற்று. பிரிட்டனுக்கு 'ஜி', பிரான்சுக்கு 'எஃப்' என்று எழுத்துகள் கிடைத்தன. 1927இல் வாஷிங்டன் நகரில் கூடிய மாநாட்டுக்குப் பிறகு இம்முறை மேலும் விரிந்தது. இந்திய விமானங்கள் 'விடி' என்ற எழுத்துகளைப் பெற்றன. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் மலாயா, சிங்கப்பூர் விமானங்களின் பெயர்கள் 'விஆர்' என்று தொடங்கின. பின்னர் நாம் நம் சொந்தக் காலில் நின்றபோது மலேசியாவுக்கு '9எம்' என்றும், சிங்கப்பூருக்கு '9வி' என்றும் அடையாளங்கள் அமைந்தன. விமான நிலையத்துக்குப் போனால், விமானத்தின் வாலருகே பாருங்கள். நம் நாட்டு விமானத்தில் 9எம் என்ற அடையாளம் கட்டாயம் இருக்கும். சொந்தச் சிறு விமானம் ஓட்டுபவர்கள் இன்றும் இந்த எழுத்துகளையே தங்கள் அழைப்புப் பெயராகச் சொல்கிறார்கள்.

1920களில் தந்தியின் இடத்தைக் குரல் பிடித்தது. லண்டனுக்கு அருகே இருந்த குரோய்டன் விமான நிலையத்தில் வானொலி அதிகாரியாகப் பணியாற்றிய பிரெடரிக் மோக்ஃபோர்ட் என்பவர், ஆபத்தில் சிக்கிய விமானி சொல்ல ஒரு சொல்லைக் கண்டுபிடித்தார். அக்காலத்தில் அங்கிருந்து பெரும்பாலான விமானங்கள் பாரிசுக்குப் போய்வந்தன. பிரெஞ்சு மொழியில் 'எனக்கு உதவுங்கள்' என்று பொருள்படும் சொல்லின் ஒலியைக் கொண்டு 'மேடே' என்ற சொல்லை அவர் அமைத்தார். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஒருங்கே புரிந்துகொள்ளும் சொல் அது. தந்தியில் வழங்கிய 'எஸ் ஓ எஸ்' ஏன் போதவில்லை? 'எஸ்' என்ற எழுத்து வானொலிக் குரலில் தெளிவாகக் கேட்பதில்லை. கண்ணுக்கு அழகாக இருப்பது வேறு, காதுக்குத் தெளிவாக இருப்பது வேறு. இந்த உண்மையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய பேச்சின் உயிர்நாடி அதுவே.

பயணிகள் விமான நிறுவனங்கள் பெருகியபோது எழுத்துகளை மட்டும் சொல்வது சிரமமாயிற்று. எனவே நிறுவனத்துக்கு ஒரு பெயரும் பயணத்துக்கு ஓர் எண்ணும் சேர்த்து அழைக்கும் வழக்கம் வந்தது. அப்பெயர்களில் சில மிக அழகானவை. பிரிட்டனின் இம்பீரியல் ஏர்வேய்ஸ் நிறுவனம் 1932இல் பறக்கும் பறவை போன்ற ஒரு சின்னத்தைப் பெற்றது. அச்சின்னத்தின் பெயர் 'ஸ்பீட்பேர்ட்', அதாவது விரைவுப் பறவை. அந்நிறுவனத்தின் விமான வழி 1933 இறுதியில் அலோர் ஸ்டார் வழியாகச் சிங்கப்பூர் வரை நீண்டது. நிறுவனத்தின் பெயர் பின்னர் இரண்டு முறை மாறியது. ஆனால் 1974இல் உருவான பிரிட்டிஷ் ஏர்வேய்ஸ் விமானங்களும் வானொலியில் ஸ்பீட்பேர்ட் என்றே தங்களைச் சொல்லிக்கொள்கின்றன.

அமெரிக்காவின் பான் அமெரிக்கன் நிறுவனம் 'கிளிப்பர்' என்ற பெயரைக் கொண்டது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் தேயிலை ஏற்றிக்கொண்டு கடலில் விரைந்த பாய்மரக் கப்பல்களின் பெயர் அது. 1935 நவம்பரில் 'சைனா கிளிப்பர்' என்ற பறக்கும் படகு சான் பிரான்சிஸ்கோவிலிருந்து மணிலாவுக்குத் தபால் கொண்டு பறந்தது. 1991இல் அந்நிறுவனம் மூடப்படும் வரை கிளிப்பர் என்ற பெயர் வானில் ஒலித்தது. அயர்லாந்தின் நிறுவனத்துக்கு 'ஷாம்ராக்' என்பது பெயர். அது அந்நாட்டின் சின்னமான மூவிலைச் செடி. தென் ஆப்பிரிக்க விமானத்துக்கு 'ஸ்பிரிங்பாக்'. அது அங்குள்ள ஒருவகை மான். சீனாவைச் சேர்ந்தது என்று எண்ணத் தோன்றும் 'டைனஸ்டி' என்ற பெயர், தைவானின் சைனா ஏர்லைன்ஸுக்கு உரியது.

நம் வட்டாரத்துக்கு வருவோம். 1947இல் மலாயன் ஏர்வேய்ஸ் பறக்கத் தொடங்கியது. மலேசியாவும் சிங்கப்பூரும் கூட்டாக நடத்திய நிறுவனம் 1972இல் இரண்டாகப் பிரிந்தது. இன்று ஒன்று 'மலேசியன்' என்றும் மற்றொன்று 'சிங்கப்பூர்' என்றும் விண்ணில் அழைக்கப்படுகின்றன. பின்னால் வந்த நிறுவனங்கள் கொஞ்சம் விளையாட்டுத்தனமான பெயர்களைத் தேடிக்கொண்டன. ஏர் ஏசியாவின் அழைப்புப் பெயர் 'ரெட் கேப்', அதாவது சிவப்புத் தொப்பி. ஸ்கூட் நிறுவனத்தின் பெயர் 'ஸ்கூட்டர்'. பெயர் நாட்டைச் சொல்லலாம், விலங்கைச் சொல்லலாம், தொப்பியையும் சொல்லலாம். ஆனால் அது மற்றொரு நிறுவனத்தின் பெயரைப் போல ஒலிக்கக்கூடாது. இதற்காகவே அனைத்துலகச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு இப்பெயர்களைப் பதிவு செய்து பட்டியலிடுகிறது.

எழுத்துகளைச் சொல்வதிலும் இதே கவனம் உண்டு. வகுப்பில் நாம் 'பள்ளி' என்று சொல்ல எழுதும் பிள்ளை 'பல்லி' என்று எழுதுவதைப் பார்த்திருக்கிறோம். ஆங்கிலத்தில் 'பி', 'டி', 'ஈ' என்ற எழுத்துகள் வானொலி இரைச்சலில் ஒன்று போலவே கேட்கும். ஆகவே ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு சொல் வைத்தார்கள். பல நாட்டவரைப் பேசவும் கேட்கவும் வைத்துச் சோதித்த பிறகே, ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று தொடங்கும் வரிசை 1956 மார்ச் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. 'நைன்' என்பது 'ஃபைவ்' என்று கேட்டுவிடாதிருக்க 'நைனர்' என்று சொல்லுகிறார்கள். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத விமானியும் பிழையின்றிப் பேச வேண்டும் என்பதுதான் நோக்கம்.

இவ்வளவு கவனம் எதற்கு? மூன்று நிகழ்ச்சிகளைச் சொல்லுகிறோம்.

1977 மார்ச் 27ஆம் நாள், ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனரீஃப் தீவு விமான நிலையத்தில் கடும் மூடுபனி. இரண்டு ஜம்போ விமானங்கள் ஒரே ஓடுபாதையில் இருந்தன. ஒன்று டச்சு விமானம். மற்றொன்று கிளிப்பர் 1736. டச்சு விமானம் அனுமதி பெறாமலே ஓடத் தொடங்கிற்று. அந்த வேளையில் கோபுரமும் அமெரிக்க விமானமும் ஒரே நேரத்தில் பேசியதால், தடுத்திருக்கக்கூடிய சொற்கள் இரைச்சலில் மறைந்தன. அடுத்த கணம் கோபுரம் அமெரிக்க விமானத்தை அழைத்தது. ஆனால் கிளிப்பர் என்று அழைக்காமல் 'பப்பா ஆல்ஃபா' என்ற எழுத்துப் பெயரால் அழைத்தது. டச்சு விமானி தம் பயணத்தை நிறுத்தவில்லை. 583 பேர் மாண்டனர். பெயர் மாறியதுதான் காரணம் என்று சொல்வது தவறு, காரணங்கள் பல. ஆயினும், வழக்கமான பெயரும் வழக்கமான சொற்களும் எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதை உலகம் அன்று உணர்ந்தது.

இரண்டாவது நிகழ்ச்சி நம் மண்ணில் நடந்தது. 1989 பிப்ரவரி 19ஆம் நாள் அதிகாலையில், சிங்கப்பூரிலிருந்து சுபாங் நோக்கி ஒரு சரக்கு விமானம் வந்தது. அதன் அழைப்புப் பெயர் 'டைகர் 66'. சீனாவில் ஜப்பானியரை எதிர்த்துப் போரிட்ட 'பறக்கும் புலிகள்' என்ற அமெரிக்க விமானப் படைப்பிரிவைச் சேர்ந்தவர்கள், போருக்குப்பின் தொடங்கிய நிறுவனம் அது. கோபுரம் 2400 அடிக்கு இறங்கும்படி எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னது. முதலில் வந்த 'டூ' என்ற எண், ஆங்கிலத்தில் 'வரை' என்று பொருள்படும் சொல்லைப் போலவே ஒலிக்கும். விமானத்தில் இருந்தவர்கள் 'நானூறு அடி வரை' என்று எடுத்துக்கொண்டார்கள். 'நான்கு பூஜ்யம் பூஜ்யம்' என்று திருப்பிச் சொன்னதையும் கோபுரம் திருத்தவில்லை. விமானம் பூச்சோங் அருகே ஒரு குன்றில் மோதி, அதிலிருந்த நால்வரும் உயிர் நீத்தனர். பெயர் சரியாகக் கேட்டது. எண்தான் சரியாகக் கேட்கவில்லை.

மூன்றாவது நிகழ்ச்சி மனத்துக்கு ஆறுதல் தருவது. 2009 ஜனவரி 15ஆம் நாள், நியூயார்க் நகரிலிருந்து 'காக்டஸ் 1549' கிளம்பியது. காக்டஸ் என்றால் கள்ளிச்செடி. பாலைவன மாநிலமான அரிசோனாவில் பிறந்த நிறுவனம் வைத்த பெயர். பறவைக் கூட்டத்தில் மோதி இரண்டு இயந்திரங்களும் செயலிழந்தன. தலைமை விமானி சல்லன்பர்கர் மேடே சொன்னபோது, பதற்றத்தில் எண்ணை 1539 என்று சொன்னார். கோபுரத்தில் இருந்தவரோ ஒரு கட்டத்தில் 1529 என்றார். ஆயினும் காக்டஸ் என்ற பெயர் தெளிவாக நின்றது; யார் ஆபத்தில் இருக்கிறார் என்பதில் குழப்பம் வரவில்லை. விமானம் ஹட்சன் ஆற்றில் இறங்கியது. அதிலிருந்த 155 பேரும் பிழைத்தனர். எண்ணில் நாக்குத் தடுமாறியபோதும் பெயர் கைகொடுத்தது.

நேயர்களே, காதில் தவறாக விழுந்த பெயர் என்ன செய்யும் என்பதை நம் மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்று தோட்டத்துக் கிராணி தம் காதில் விழுந்தபடி செக்ரோலில் பெயரை எழுதினார். அதே பெயர் பிறப்புப் பத்திரத்தில் ஓர் எழுத்து மாறியது. அடையாள அட்டையில் இன்னோர் எழுத்து மாறியது. முதுமையில் சேமநிதிப் பணத்தைக் கேட்கப் போனபோது, 'இது நீங்கள்தானா?' என்று அலுவலகத்தில் கேட்கும் நிலை எத்தனையோ குடும்பங்களுக்கு வந்தது. ஓர் எழுத்துக்காகச் சத்தியப் பிரமாணம் எழுதிக்கொடுத்து மாதக்கணக்கில் அலைந்தவர்கள் நம்மிடையே உண்டு. வானத்தில் அந்த அலைச்சலுக்குக்கூட நேரமில்லை. சில வினாடிகள்தான் இருக்கும்.

பெயருக்கு மதிப்பளிப்பதற்கு நம் நாடே ஓர் எடுத்துக்காட்டு. 2014 மார்ச் 8ஆம் நாள் கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங்குக்குப் புறப்பட்ட விமானம், அதிகாலை 1 மணி 19 நிமிடத்துக்குக் கோபுரத்தோடு கடைசியாகப் பேசியது. இரவு வணக்கம் சொல்லி, 'மலேசியன் 370' என்று தன் பெயரைச் சொல்லி முடித்தது. அதன்பின் அந்தக் குரல் கேட்கவில்லை. அதில் 239 பேர் இருந்தனர். அதே ஆண்டு ஜூலை 17ஆம் நாள், ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்த 17ஆம் எண் விமானம் உக்ரேன் நாட்டின் மேல் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் மாண்டனர். பயணம் செய்தவர்களுக்கு மரியாதை செலுத்தும் வகையில் நிறுவனம் அந்த எண்களை விலக்கிக்கொண்டது. 370 என்பது 318 ஆயிற்று. 17 என்பது 19 ஆயிற்று. வெறும் எண்தானே என்று யாரும் சொல்லவில்லை.

இனிக் கணினியில் விமானம் ஓட்டும் பிள்ளைகளிடம் வருவோம். 1979இல் புரூஸ் ஆர்ட்விக் என்ற அமெரிக்கர், வீட்டுக் கணினியில் விமானம் ஓட்டிப் பழகும் நிரலை வெளியிட்டார். இணையம் வந்த பிறகு, தனியே பறந்தவர்கள் ஒரே வானத்தில் கூடினார்கள். 1998இல் 'இவாவோ', 2001இல் 'வாட்சிம்' என்ற வலையமைப்புகள் தோன்றின. அங்கே ஒருவர் தம் வீட்டிலிருந்து விமானம் ஓட்டுவார். வேறொரு நாட்டில் இன்னொருவர் சம்பளம் இல்லாமல் கட்டுப்பாட்டாளராக அமர்ந்து, உண்மைக் கோபுரத்தில் பேசுவது போலவே வழி சொல்லுவார். அந்த வானத்தில் நுழையும்போது கேட்கப்படும் கேள்விகளுள் ஒன்று, உங்கள் அழைப்புப் பெயர் என்ன என்பதே.

அப்போது என்ன செய்ய வேண்டும்? ஒரு நிறுவனத்தின் பெயரை எடுத்தால், அதன் பெயர் வானொலியில் எப்படிச் சொல்லப்படுகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பயணச் சீட்டில் 'எம்எச்' என்று இருக்கும்; வானொலியில் 'மலேசியன்' என்றுதான் சொல்ல வேண்டும். சிறு விமானம் ஓட்டினால் 9எம் என்று தொடங்கி மூன்று எழுத்துகள் சேர்த்துக்கொள்ளலாம். அவற்றை ஆல்ஃபா, பிராவோ முறையில் சொல்லிப் பழகுங்கள். அதே வேளையில் பறக்கும் மற்றவருடைய எண்ணோடு குழம்பாத எண்ணைத் தேடுங்கள். 515, 551, 155 என்று மூவர் வந்தால் கட்டுப்பாட்டாளர் பாடு திண்டாட்டம். இலக்கங்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நாக்குத் தடுமாறினால் அந்த எண் வேண்டாம். பறக்கத் தொடங்கியபின் பெயரை மாற்றாதீர்கள். கோபுரம் சொன்னதைத் திருப்பிச் சொல்லும்போது உங்கள் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நகைப்புக்காக ஆபாசப் பெயரோ பிறரைப் புண்படுத்தும் பெயரோ வைப்பது கூடாது. துயரத்தில் மறைந்த எண்களையும் எடுக்காதீர்கள். அந்த வலையமைப்பில் உங்களோடு பறப்பவர்களுள், அந்த விமானங்களில் உறவைப் பறிகொடுத்தவர் ஒருவர் இருக்கலாம் அன்றோ?

பெற்றோர்களே, பிள்ளை காதில் ஒலிவாங்கி மாட்டிக்கொண்டு ஆங்கிலத்தில் எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தால், அது வீண்பொழுது என்று உடனே கடிந்துகொள்ள வேண்டாம். பாடம் முடித்துவிட்டானா, தூங்கும் நேரம் தவறவில்லையா என்று மட்டும் பாருங்கள். பிறகு, 'உன் அழைப்புப் பெயர் என்ன? ஏன் அதைத் தேர்ந்தெடுத்தாய்?' என்று கேளுங்கள். தெளிவாகப் பேசவும், பிறர் சொல்வதைக் கூர்ந்து கேட்கவும், கேட்டதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்யவும் அந்தப் பிள்ளை பழகிக்கொண்டால், அந்தப் பழக்கம் விமானத்துக்கு மட்டுமன்று, வாழ்க்கைக்கும் பயன்படும்.

பெயர் வைப்பவர் தம் ஆசைக்காக வைக்கலாம். ஆனால் பெயர் பயன்படுவது அதைக் கேட்பவருக்கே. கேட்பவர் காதில் ஐயமின்றி விழும் பெயரே நல்ல பெயர். அத்தகைய பெயரோடு நம் பிள்ளைகள் கணினி வானத்தில் பறக்கட்டும். அவர்களுள் சிலர் நாளை மெய்யான வானத்திலும் பறக்கட்டும். கோபுரத்தில் அமர்ந்து பிறருக்கு வழி சொல்லட்டும்.